ஒன்பதாம் பரிசு

என் மனைவி "போயிட்டு வாங்க" என்று சொன்ன அந்த நொடியே நான் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் திரும்பியிருக்க வேண்டும்.

தெருமுனைக்குப் போவதென்றாலும் எனக்குக் குறுக்கு விசாரணை உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வியும் இல்லை. கண் பரிசோதனை முகாம் என்று பொய் சொல்லியிருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், பொய்யாவது தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே!

"வர சாயங்காலம் ஆயிடும்."

"ராத்திரி ஆனாலும் பரவாயில்லைங்க."

"ஏன்?"

"ஏன்னா? பாவம், கண்ணு தெரியாதவங்க எத்தனை பேரு வருவாங்களோ!"

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதுவும் உறுத்தியது.

உண்மையில் நான் போனது கிளப்பில் நடந்த போக்கர் சீட்டாட்டப் போட்டிக்கு. என் கடைக்கு எதிரே இருக்கும் பல் டாக்டர்தான் வலிய வந்து கூப்பிட்டார். அதுவரை என்னிடம் பல்லைக்கூடக் காட்டாத மனிதர். அதையும் சந்தேகப்பட்டேன். ஆனால் சீட்டு என்றால் எனக்குச் சந்தேகத்தைவிட சபலம் அதிகம்.

தொண்ணூறு பேர் உட்கார்ந்தோம். கடைசிவரை தாக்குப்பிடிக்கும் ஒன்பது பேருக்குப் பணப் பரிசு. பத்தாவது ஆளுக்குக் கைகுலுக்கல். நான் சீட்டைப் பார்ப்பேன், கவிழ்ப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். வீட்டில் பழகிய வித்தைதானே! ஒவ்வொருவராகக் கழன்று, பத்துப் பேர் மிஞ்சினோம். இன்னும் ஒருத்தர் தோற்றால் பரிசு. ஆனால் பந்தயம் கட்ட என் முன்னால் கிடந்த சிப்ஸ் வில்லைகள் ஒரு வாய்க்குக் காணாது. பிளாஸ்டிக்காக இருந்ததால் பிழைத்தன.

இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்தேன். பின்னால் 'தொம்' என்று சத்தம், கூடவே ஒரு ஆண் குரல்.

"என்ன அது?"

"பூனைங்க."

"பூனை 'இடது பக்கம் தூக்கு'ன்னு சொல்லுமா?"

"டிவில வர்ற பூனைங்க."

எழுந்து ஓடினால் நான்தான் பத்தாவது ஆள். உட்கார்ந்தால் வீட்டில் என்ன நடக்கிறதோ! கையில் ஒரு ஏழும் ஒரு ரெண்டும் வந்தன. அதைவிட மட்டமான கை கிடையாது. போவதென்றால் இப்போதே போவோம் என்று இருந்த சிப்ஸ் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன்.

எதிரே டாக்டர். அவர் முன்னால் சிப்ஸ் மலை. என்னைப் பார்த்தார். மேசைக்குக் கீழே போனைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, என்னைச் சுலபமாக ஜெயிக்கக்கூடிய ஜோடி ராணியைக் காட்டிவிட்டு, ஆட்டம் வேண்டாமென்று கவிழ்த்தார்.

"உங்க கண்ணே சொல்லுதே, பெரிய கைன்னு!" என்றார்.

ஊரார் கண்ணைப் படித்தவன் கண்ணுக்கே இவ்வளவு சக்தியா! இதேபோல இன்னும் இரண்டு தடவை என்னிடம் பின்வாங்கினார். இரண்டு தடவையும் போனைப் பார்த்தார். யாரோ திருட்டுத்தனமாக என் சீட்டை அவருக்குப் போனில் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சொன்னவன் தப்பாகச் சொல்கிறானே என்று சந்தோஷமும் பட்டேன்.

பக்கத்திலிருந்த லாரிக்காரர் தோற்று எழுந்தார். கைதட்டல்! பரிசு வரிசையில் நான்!

அப்போது டாக்டரின் போன் 'கிணிங்' என்றது. பார்த்தார், சிரித்தார், அடுத்த ஆட்டத்திலேயே என்னை வழித்துத் துடைத்து வெளியே அனுப்பினார். ஒன்பதாம் பரிசு.

பரிசுப் பணக் கவரோடு வீட்டுக்கு ஓடினேன். மனைவியின் தம்பி கதவைத் திறந்தான். என் சட்டையைப் போட்டிருந்தான். மாடியில், நான் நிம்மதியாகப் பேப்பர் படிக்கும் ஒரே அறையில், அவன் கட்டிலும் இரும்பு பீரோவும் குடியேறியிருந்தன.

"என்னைக் கேக்காம எப்படிடீ?"

"கேட்டா வேணாம்னு சொல்வீங்க. அப்புறம் அதை மாத்திச் சொல்லணும். உங்களுக்கு ஏங்க ரெட்டை வேலை?"

இனி எதற்குப் பொய்? நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நான் முகாமுக்கே போகலை. போக்கர் போட்டி! பல் டாக்டரே என்னைப் பாத்து நடுங்கினார், தெரியுமா?"

அவள் கவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தெரியுங்க. அவரு உங்களைக் கூப்பிட்டதே நான் சொல்லித்தானே. பீரோ மாடிப்படி திருப்பத்துல மாட்டிக்கிச்சு. அது மேல ஏறுற வரைக்கும் உங்களைத் தோக்க விட்டுடாதீங்கன்னு டாக்டர் அண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன்."