மூணுதரம் மாமா ஏலம் எடுத்த கம்ப்யூட்டர்

மூணுதரம் மாமாவால் ஏலம் விட முடியாத பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது. மீன், நண்டு, இறாலெல்லாம் அவருக்குச் சும்மா. ஒருநாள் தூக்கத்தில் தன் தலையணையையே ஏலம் விட்டு, பக்கத்தில் படுத்திருந்த அத்தைக்கு முடித்துக் கொடுத்துவிட்டார். காலையில் எழுந்து தலையணையைக் கேட்டால் அத்தை தரவில்லை. "மூணு தரம் சொன்னியே, எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டது. மாமாவும் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் தோணிரேவில் கரைக்கு வருகிற மீனை ஏலம் விடுவது அவர் வேலை. மீனைக் கூறு கூறாகத் தரையில் கொட்டுவார்கள். தராசு கிடையாது. வியாபாரிகள் சுற்றி நின்று குவியலைக் கண்ணால் அளந்து விலை கேட்பார்கள். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, "மூணு தரம்!" என்று மாமா கையைத் தட்டிவிட்டால் முடிந்தது. அடியில் சேறு இருந்தாலும் செத்தை இருந்தாலும் எடுத்தவன் தலையில்தான். சொந்த மச்சினனே ஒருதடவை மேலே மடவை மீனும் கீழே பாசியுமாக இருந்த கூறை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். மாமா அசையவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

"ஒருவாட்டி சொன்ன தரத்த வாபஸ் வாங்கினா, நாளிக்கி எவன் நைனா என் கொரலுக்கு நிப்பான்?" என்று என்னிடம் கேட்டார்.

இந்தத் தொழில் அவர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் எழுந்திருப்பார். டீக்கடையில் கடைசி வடைக்கு இரண்டு பேர் கை நீட்டினால் ஏலத்தில்தான் அது பைசல் ஆகும். என் கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவி எஸ்தர் வீட்டுப் பக்கம் மாதா கோயிலில், இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். மூன்று வாரமும் மாமா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது வாரம் வெளியே வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சாமியாரும் நம்ம தொழில்தான் பண்றாரு. எவனும் குறுக்க பேசல. நீ முடிஞ்ச நைனா!"

இனி என் பெருமைக்கு வருகிறேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரி. மூன்று வருஷப் படிப்பில் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தைத் தவிர வேறு எந்தப் பக்கத்தையும் பார்த்தவனில்லை. ஆனால் ஊரில் யார் வீட்டில் ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய், பேட்டரியைக் கழற்றி வேட்டியில் தேய்த்துத் திரும்பப் போட்டு, "சாஃப்ட்வேர் பிரச்சனை" என்று சொல்லிவிட்டு வருவேன்.

அம்பத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய்விட்டது. அப்போது எஸ்தருக்கு ஏழாவது மாசம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை இருந்தது. போனால் அங்கேயே ரூம் எடுத்துத் தங்க வேண்டும், மாசத்துக்கு ஒருதடவை வீட்டுக்கு வரலாம். இன்னொரு வழியும் இருந்தது. கல்யாண வீடியோ வெட்டி ஒட்ட எனக்கு ஓரளவு வரும். பொன்னேரியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், "முகூர்த்த சீசனுக்குள்ள சொந்தமா ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கிட்டீன்னா எல்லா வேலையும் உனக்குத்தான். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்பா" என்று சொல்லிவிட்டார்.

எஸ்தர் நீளமாகப் பேசுகிறவள் இல்லை. "புள்ள பொறந்தா உன்ன போன்லதான் பாக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கையில் இருந்த பணத்துக்குள் கம்ப்யூட்டர் வாங்கியாக வேண்டும். முழுசாக வாங்கினால் கட்டுப்படியாகாது, சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். பிறகு யூடியூப் பார்க்க உட்கார்ந்தவன்தான். ஒருத்தன் கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம் என்றான். இன்னொருத்தன் அதை வாங்குகிறவன் முட்டாள் என்றான். காலையில் ஒரு ப்ராசஸரை நிச்சயம் செய்வேன், மத்தியானம் அதன்மேல் சந்தேகம் வரும், ராத்திரி வேறொன்றோடு ஓடிவிடுவேன். கடைசியில் ரொம்ப யோசித்து ஒரு கணக்குப் போட்டேன். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினட், ஏழு கலரில் மின்னும் மெமரி, சுற்றும்போது ஜொலிக்கிற மூன்று ஃபேன். எல்லாம் பட்ஜெட்டுக்குள் கச்சிதமாக அடங்கியது. மானிட்டரை மறந்திருந்தேன்.

அந்தக் கண்ணாடி கேபினட் படத்தை மூணுதரம் மாமாவிடம் காட்டினேன்.

"இன்னா இது, மீன் தொட்டியா?"

"கம்ப்யூட்டர் மாமா. உள்ள லைட்டு எரியும்."

"லைட்டு எதுக்கு? எறா புடிக்கவா?"

எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உன்ன தனியா வுட்டா தலையில மொளகா அரச்சிருவானுங்க. நானும் வரேன். வெல பேசறது என் பொறுப்பு."

மறுநாள் பொன்னேரியில் ரயிலேறினோம். அனுப்பம்பட்டில் ஜன்னல் ஓரத்துக்காரர் இறங்கினார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டபோது, மாமா எழுந்து ஏலம் விட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு அதை முடித்துக் கொடுத்தார். பழத்தை மொத்தப் பெட்டிக்கும் பங்கு போட்டார். சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போகிறவரை நானும் குஜாலாகத்தான் இருந்தேன்.

கடையில் கவுன்ட்டரில் ஒரு பெண் இருந்தாள். பொறுமைசாலி. என் பட்ஜெட்டைக் கேட்டு, கலர் லைட்டையெல்லாம் தள்ளிவிட்டு, ப்ராசஸர், போர்டு, மெமரி, டிஸ்க், பவர் சப்ளை, மானிட்டர் என்று ஒன்றுக்கொன்று பொருத்தமாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ம், நானும் இதைத்தான் நெனச்சேன்" என்றேன்.

அவள் ஒவ்வொன்றுக்கும் விலை சொல்ல ஆரம்பித்தாள். மாமாவுக்குத் தாங்கவில்லை.

"இன்னாம்மா ஒண்ணொண்ணா சொல்லிகினு இருக்க? ஒரே கூறா போடு. மொத்தமா பேசலாம்."

எல்லாப் பெட்டிகளையும் மேஜை நடுவில் குவித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். ஒரு பெட்டியின் ஓரத்தை மீன் செவுளைத் தூக்குகிற மாதிரி விரலால் தூக்கிப் பார்த்தார். ஃபேனை மோந்து பார்த்து, "புதுசுதான்" என்றார். போர்டைக் கையில் தூக்கி எடை பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னா நைனா, லேசா கீது?"

அலமாரி ஓரத்தில் தள்ளுபடிக்காக ஒரு பழைய மாடல் போர்டு கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். முகம் மலர்ந்துவிட்டது. "இத்த கூறுல போடு. அந்த லேசானத எடுத்துரு." குவியலுக்கு ஒரு மொத்த விலையும் சொன்னார். "ஒரு தரம்..."

"சார், அது இந்த ப்ராசஸருக்கு..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"உஷ்! ஏலம் நடக்கும்போது குறுக்க பேசக்கூடாதும்மா. ரெண்டு தரம்..."

"சார், நீங்களாவது கேளுங்க சார், அந்த போர்டுல..." என்று என் பக்கம் திரும்பினாள்.

பட்டதாரியான நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்ன செய்தேன் தெரியுமா? மாமா சொன்ன மொத்த விலை எவ்வளவு மலிவு என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். போதாததற்கு, "பரவால்லம்மா, எனக்குத் தெரியும்" என்று வேறு சொன்னேன்.

"மூணு தரம்!" மாமா கைதட்டிய சத்தத்தில் எதிர்க் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டில் கூடத்து நடுவில் பாய் விரித்துச் சாமான்களைப் பரப்பினேன். தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. மாமா முன்வரிசையில் இருந்தார். நான் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் மாதிரி கையைக் கழுவிக்கொண்டு வந்து, ப்ராசஸரை எடுத்து போர்டில் அதற்கான குழியில் வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்தேன். ம்ஹூம். யூடியூபில் எல்லோருக்கும் உட்கார்ந்ததே என்று லேசாக அமுக்கினேன்.

"அமுக்காத, அது இன்னா அப்பளமா?" என்றாள் எஸ்தர்.

அப்போதுதான் இரண்டு பெட்டிகளின் மேலும் எழுதியிருந்ததைப் படித்தேன். ப்ராசஸர் புதுசு, போர்டு பழசு. இந்த ஜென்மத்தில் சேராது. மீனென்றால் எந்தக் கூறாக இருந்தாலும் ஒரே குழம்பில் போட்டுவிடலாம். இதை என்ன செய்வது? கடைக்குப் போன் போட்டேன்.

"பில்லுலயே போட்டிருக்கு சார், தள்ளுபடி சாமான் ரிட்டர்ன் கிடையாது. நான் அவ்ளோ சொன்னேனே சார், நீங்கதான் தெரியும்னு சொன்னீங்க" என்றாள் அந்தப் பெண்.

போனை வைத்துவிட்டு, "நேர்ல போய் கெஞ்சிப் பாக்கலாமா மாமா? மாத்தித் தருவாங்களோ என்னவோ" என்றேன்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். "தரம் சொல்லியாச்சு நைனா. கைய தட்டியாச்சு." எழுந்து போய்விட்டார். தெருவும் மெதுவாகக் கலைந்தது.

வேறு போர்டு வாங்க வழியில்லை. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஸ்டுடியோக்காரர் வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லியனுப்பினார். நான் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தேன். எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வைக்கிற சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மாமா வாசல்வரை வந்து, அந்தப் பையைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார்.

மறுநாள் கரையில் மீன் வந்து இறங்கிவிட்டது, ஏலம் விட ஆளில்லை. மூணுதரம் மாமா காய்ச்சலில்கூட வராமல் இருந்தவரில்லை. அத்தைக்கும் தெரியவில்லை. என் வீட்டில் பார்த்தால் போர்டுப் பெட்டியைக் காணோம். "காலைல வந்து எடுத்துகினு போனாரு. ஒண்ணும் கேக்காதன்னாரு" என்றாள் எஸ்தர்.

சாயந்திரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் வேறு பெட்டி. அந்த லேசான போர்டு!

"எப்படி மாமா குடுத்தாங்க?"

"கம்முனு மாட்டு."

மாட்டினேன். ப்ராசஸர் தானாகப் போய் உட்கார்ந்தது. பொத்தானை அமுக்கியதும் மானிட்டரில் வெளிச்சம் வந்தது. எஸ்தர் அப்போதுதான் அழுதாள், அதுவும் சத்தம் போட்டு. நான் என் பையைக் கவிழ்த்துத் துணியையெல்லாம் கட்டில்மேல் கொட்டினேன்.

என் மகள் பிறந்து பல மாசம் கழித்து ஒரு கீபோர்டு வாங்க அதே கடைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"உங்க மாமா நல்லாருக்காரா சார்? அன்னிக்கு காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல வந்து நின்னாரு. முடியாதுன்னு நாங்க சொல்லிட்டோம். போகல. மத்தியானம் திடீர்னு நடுத்தெருவுல நின்னு, 'மூணு தரமும் வாபஸ்! நான் சொன்னது தப்பு! மூணு தரமும் வாபஸ்!'னு கத்தினார் சார். தெருவே நின்னு சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்புறம் பாத்தா அவர் கண்ணு கலங்கியிருக்கு. 'அந்தப் பொண்ணு புள்ளத்தாச்சிம்மா, இவன் ஊர வுட்டுப் போயிருவான்'னார். ஓனரே எழுந்து வந்து மாத்திக் குடுத்துட்டார்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நன்றின்னு ஒரு பை எறா வெச்சுட்டுப் போனார் சார். ஏசி ரூம்ல ஒரு வாரம் உக்கார முடியல" என்றாள்.

மச்சினனுக்காக வாபஸ் வாங்காத தரம் அது. ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். ஊருக்கு வந்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைப் படிக்கிற கரை வியாபாரிகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் கூறுக்கு இந்தச் சலுகை கிடையாது, போய்க் கேட்டு அசிங்கப்படாதீர்கள்.

இப்போதும் ஏலம் முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வருகிறார். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் வீடியோ வெட்டுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். பொண்ணு பிறந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற இடம் வந்தால் போதும், யார் எவரென்றே தெரியாத குடும்பத்துக்காக மூக்கை உறிஞ்சுவார். "இன்னா அவசரம் நைனா, வெட்டாத. இன்னும் கொஞ்ச நேரம் அம்மாகிட்ட நிக்கட்டும்" என்பார்.

வீடியோ நீளமாக இருக்கிறது என்று ஸ்டுடியோக்காரர் என்னை வாராவாரம் திட்டுகிறார். திட்டட்டும். அந்த இடத்தை நான் வெட்டுவதே இல்லை.