மூன்று தொட்டி மாதவன்

திருப்பூரில் இப்போது புதிதாக ஒரு ஜீவன் பெருகி வருகிறது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை, வாய் நிறைய சஸ்டெய்னபிலிட்டி. பெயர், வள மேலாண்மை ஆலோசகர். குப்பையைப் பார்த்தால் நீங்களும் நானும் மூக்கைப் பொத்துவோம். இவருக்குக் கண் கலங்கும். "இது வேஸ்ட் இல்ல சார், ரிசோர்ஸ்!" என்பார். சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்துவார்.

நம் மாதவனையே எடுத்துக்கொள்ளுங்களேன். அமானுல்லாவின் பனியன் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டார் என்பதற்காகப் பயிற்சி கொடுக்க வந்தார். ஐம்பது பேரைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பி உட்காரவைத்து, நூற்றுப்பத்து ஸ்லைடு ஓட்டி, பிளாஸ்டிக் தின்று செத்த திமிங்கிலத்தைக் காட்டி, நடுவில் பிளாஸ்டிக் உறை போட்ட பிஸ்கட்டும் பேப்பர் கப்பில் டீயும் கொடுத்தார். உறையும் கப்பும் நாற்காலிக்கு அடியில் கிடந்தன.

அதே கூடத்தின் கோடியில் ஒரு மேசை. மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த நாகஜோதி அங்கே பதினாறு வருடமாக, துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் துண்டுகளைப் பிரிக்கிறார். வெள்ளை தனி, கலர் தனி. இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, ரப்பர் மாதிரி இழுபடும் லைக்ரா கலந்ததை ஒதுக்கிவிடுவார். அந்த வெள்ளையைத்தான் மில்லில் பஞ்சாக்கி மறுபடி நூலாக்குகிறார்கள். மாதவன் அவரிடம் ஏதாவது கேட்டாரா? கேட்பதா! அவர் பயிற்சி கொடுப்பவர் அல்லவா?

மூன்று தொட்டிகள் வந்து இறங்கின. பச்சை ஈரக் குப்பைக்கு, நீலம் உலர்ந்ததற்கு, சிவப்பு ஆபத்தானதற்கு. துணி உலர்ந்ததுதானே? எல்லாத் துண்டும் நீலத்துக்குப் போயிற்று.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா மில்லுல எடுக்க மாட்டாகளே, சார்?" என்றார் நாகஜோதி.

"மைண்ட்செட்ட மாத்துங்க, மேடம்."

அதோடு விட்டாரா? தொட்டியே பிரித்துவிடும்போது பிரிக்க ஆள் எதற்கு என்று அறிக்கையில் எழுதினார். மாதக் கடைசியோடு நாகஜோதிக்கு வேலை இல்லை என்று முடிவாயிற்று. இரண்டு பிள்ளைகளை அந்த மேசையை நம்பித்தான் படிக்கவைக்கிறார்.

தொட்டி வந்த பத்தாம் நாள், வேஸ்ட் வாங்கும் அப்துல்லா ஏற்றிப்போன லோடோடு திரும்பி வந்தார்.

"ஏனுங்க, வெள்ளைக்குள்ள லைக்ரா, லைக்ராவுக்குள்ள எண்ணெய்த் துணி. மில்லுல மெசினே நின்னுபோச்சுங்க. இதைக் குப்பைமேட்டுலதானுங்க கொட்டோணும்."

பதினாறு வருடத்தில் முதல் முறையாக அந்தக் கம்பெனியில் வேஸ்ட் உண்டாயிற்று.

அமானுல்லா நேரே நாகஜோதியிடம் போனார். "நீங்க எங்கயும் போக வேண்டாம், உங்க மேசையிலயே இருங்கம்மா. தப்பு எம்பட மேலதானுங்க."

மாதவன் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அந்த இனத்துக்கு அது தெரியாது. அரை நாள் மேசையோரம் நின்று, நாகஜோதி சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்தார். அவர் விரல்களைப் படம் பிடித்தார். அது இப்போது நூற்றுப் பதினோராவது ஸ்லைடு: 'நமது பயிற்சிக்குப் பின்.' போகும்போது, பயிற்சி பெற்றதாக நாகஜோதிக்கே ஒரு சான்றிதழும் கொடுத்தார். பளபளவென்று லேமினேட் செய்தது.

நாகஜோதி அதை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இத எந்தத் தொட்டில சார் போட?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் காலையில் உங்கள் வீட்டு வாசலில், குப்பை எடுக்க வந்த பெண்ணை நிறுத்தி, எது ஈரம், எது உலர்ந்தது என்று பத்து நிமிடம் விளக்கினீர்களே, அப்போது உங்கள் கையில் இருந்த பை பிரித்ததா, பிரிக்காததா?