மழையிலும் தாகமெடுத்த முருங்கைத் தோட்டம்

திண்டிவனம்,
கார்த்திகை 24

அன்புள்ள தம்பி ஜெகதீசனுக்கு,

அக்கா கிருஷ்ணவேணி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். முருங்கைகள் நலமில்லை. பெங்களூரில் நீயும் கலைமதியும் நலமா என்று கேட்பதுதான் முறை; ஆனால் அதையும் அளந்து சொல்ல உன் போனில் ஏதாவது ஓர் ஆப் இருக்கும் என்பதால் சிரமப்படுத்தவில்லை. போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாய். தபாலில் வரும் காகிதத்துக்கு விரலைக் காட்டித் தப்பிக்க முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் ஒன்றுதான். பெரியசாமியை இந்த மாதத்தோடு நிறுத்திவிடச் சொன்னாயே, அதை நான் செய்யப்போவதில்லை.

காரணம் சொல்கிறேன். வைகாசியில் விழுப்புரம் விவசாயக் கண்காட்சிக்குப் போய்விட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவன் மாதிரி ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாய். மண்ணில் சென்சார் என்று ஒரு கம்பி நட்டுவைக்க வேண்டும், மண் காய்ந்தால் கம்பி ஒயர் இல்லாமலே பெட்டிக்குச் சொல்லும், பெட்டி மோட்டாரைப் போடும், மோட்டார் சொட்டுக் குழாயில் தண்ணீர் விடும், இதில் மனிதனுக்கு வேலையே இல்லை என்று விளக்கினாய். அப்போது பக்கத்தில் நின்ற மனிதர், பதினெட்டு வருடமாக நம் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியசாமி. அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "தம்பி, வேளாவேளைக்கு வாயிலயே ஊட்டிக்கினு இருந்தா வேரு எதுக்குங்க அடிய தேடிக்கினு போவும்? மேலயே குந்திக்கினு சோம்பேறியாப் பூடாதா?" நீ சிரித்தாய். "பெரியசாமிண்ணே, இது சயின்ஸ்" என்றாய். அவர் சொன்னதும் சயின்ஸ்தான். நான் மூன்று வருடம் தாவரவியல் படித்து, நீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் போகும் என்று பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைந்து பதில் எழுதியவள். அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. உனக்காக மல்லாட்டைக் கடலை வறுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியை நம்பி நட்ட உன் முருங்கைகளும் உன்னைப் போலவே வளர்ந்தன. ஆறு மாதத்தில் இரண்டு ஆள் உயரம், பார்க்கக் கம்பீரம், உள்ளே பஞ்சு. கேட்காமலே தண்ணீர் கிடைக்கிற செடி உடம்பை இறுக்கிக்கொள்வதில்லை. இலையையும் கிளையையும் விரித்துக்கொண்டு நிற்கும். காற்றுக்கும் அதுதான் வேண்டும், பிடித்துத் தள்ள வசதி. ஐப்பசிக் கடைசியில் உன் பெட்டிக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ தெரியவில்லை, மழை பெய்து ஈரமாகக் கிடக்கும் நிலத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட ஆரம்பித்தது. பெரியசாமி ஓடிவந்தார். நான் உனக்குப் போன் செய்தேன். "டேட்டா பொய் சொல்லாதுக்கா, நீ சும்மா பேஜாரு பண்ணாத" என்றாய். நிறுத்தலாம் என்றால் பெட்டிச் சாவி பெங்களூரில். மெயினை அணைக்கலாம் என்றால் வாரண்டி போய்விடுமாம். எனக்குத் தெரிந்து, வாரண்டிக்குப் பயந்து சேற்றில் நின்ற ஒரே குடும்பம் நாம்தான்.

அப்புறம் புயல் வந்தது. வானம் கிழிந்து ஊற்றுகிறது, வரப்பு எங்கே என்று தெரியவில்லை, அதற்கு நடுவில் நம் மோட்டார் கடமை தவறாமல் ஓடுகிறது. பக்கத்து நிலத்துச் செண்பகம் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, "இன்னாக்கா, மேலயும் ஊத்துது கீழயும் ஊத்துது, வருண பகவானோட பந்தயமா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? தம்பி டேட்டா அனுப்பியிருக்கிறான் என்றேன். கரண்ட் போனபிறகுதான் மோட்டார் நின்றது. அதற்குள் நூற்றெண்பது முருங்கையும், மந்திரி வருகிற பாதையில் ஜனங்கள் குனிகிற மாதிரி, ஒரே திசையில் வரிசையாகப் படுத்துவிட்டன. வேரைப் பார்த்தேன். ஒரு சாண். சொட்டுக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தாய்மடி மாதிரி அங்கேயே கிடந்திருக்கிறது. செண்பகம் வீட்டுப் பின்னால் தானாக விழுந்து முளைத்த ஒற்றை முருங்கை, ஒருவரும் ஒரு சொம்பு ஊற்றாதது, இரண்டு கிளையை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கிறது. "அதோட வேருங்க பாட்டுக்குத் தண்ணிய தேடிக்கினு எங்க போச்சுங்களோ" என்றாள். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் பரிசோதித்தே காட்டிவிட்டோம். விழுந்ததை அப்படியே விட்டுவைக்கலாம் என்றால் பக்கத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் போல ஆக இரண்டு கோடி வருடம் ஆகும். உனக்கு அவ்வளவு லீவு கிடைக்காது.

நேற்று முன்தினம் கரண்ட் வந்தது. வந்ததும் மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது, படுத்திருக்கிற மரங்களுக்கு; இன்னும் நிற்கவில்லை. உடனே உன் போன். "இன்னும் காஞ்சுதான் கெடக்குதுன்னு காட்டுது. சென்சாரை யாரோ புடுங்கிட்டாங்கக்கா. அந்த ஆளுக்கு மொதல்லேர்ந்தே அது புடிக்கல. இனிமே அவரு ஒண்ணையும் தொடக் கூடாது, நிறுத்திடு" என்று ஸ்பீக்கரில் கத்தினாய். பெரியசாமி சமையலறை வாசலில்தான் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கக் கூசி, ஜன்னலில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் கம்பியை வயலெல்லாம் தேடியாயிற்று. வெள்ளம் அடித்துக்கொண்டு போய் வங்காள விரிகுடாவில் போட்டிருக்கும். நடுக்கடலில் கிடந்துகொண்டு தாகம், தாகம் என்று உனக்குச் செய்தி அனுப்புகிறது, நீயும் நம்புகிறாய். அந்தக் கருவியின் குற்றத்துக்கு இந்த மனிதரைப் பலி கொடுக்காதே. தப்பு பெட்டியுடையது, பெட்டியை வாங்கிய உன்னுடையது.

மாமா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். கலைமதிக்கு என் அன்பு. மயிலம் முருகன் அருளால் உங்களுக்கு ஆயுளும் ஆரோக்கியமும், கொஞ்சம் கேட்கிற காதும் கிடைக்கட்டும்.

அன்பும் ஆசியும் குறையாத
அக்கா,
கிருஷ்ணவேணி

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டுக் குழம்பு தாளிக்கப் போனேன். அந்தக் கறிவேப்பிலை ஒரு மாதமாக வாடிக்கிடந்ததால் சந்தையில் வாங்கிக்கொண்டிருந்தேன், வாங்கியது இன்றைக்குத் தீர்ந்துவிட்டது. கிள்ளப் போனால், தொட்டியில் உன் கம்பி. ஐப்பசிக் கடைசியில், செடி ஏன் துளிர்க்கவில்லை, ஈரம் போதவில்லையா என்று அறிவியல் முறையில் பார்ப்பதற்காக நானே பிடுங்கிவந்து நட்டேன். நட்டதை மறந்தேன். நான் தண்ணீர் விடுவேன் என்று மாமாவும், மாமா விடுவார் என்று நானும் இருந்ததில் மண் பொரி மாதிரி காய்ந்திருந்தது. ஆகவே, மேலே 'பெட்டி' என்றும் 'நீ' என்றும் நான் குற்றம் சொல்கிற இடங்களிலெல்லாம் 'அக்கா' என்று திருத்திப் படித்துக்கொள். வேரைப் பற்றி எழுதியதை மட்டும் திருத்தாதே.

பெரியசாமியிடம் ஓடினேன். "நீங்க போனு புடிச்சிக்கினு இருந்தீங்களே, அப்பதாம்மா பாத்தேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்களே ஞாபகம் வந்து சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன். படிச்சவங்க." அப்போதே எடுத்துப் போட்டிருக்கலாமே என்றேன். "ஒண்ணையும் தொடக் கூடாதுன்னு தம்பி சொல்லிட்டாரே."

ஞாயிற்றுக்கிழமை போன் செய். ஸ்பீக்கரில் போடுகிறேன். திட்டிய அதே சத்தத்தில் மன்னிப்புக் கேள். நான் இப்போதே கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்னது: "அதெல்லாம் இருக்கட்டும்மா. மொதல்ல அந்தச் செடிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன். மோட்டார் நின்றது.