மாமனார் கொடுத்த எஞ்சின்

இன்னாசிமுத்து சாவியைத் திருப்பினார். அம்பாசடர் இருமியது, உறுமியது, பிறகு இரும்பு உரலில் ஆணிகளைப் போட்டு இடிப்பதுபோல் அலறத் தொடங்கியது. சமையலறை அலமாரியில் தட்டுகள் நடுங்கின.

ஜோசபின் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"நிறுத்துங்க!"

அவர் காதில் விழவில்லை. அவள் கரண்டியால் போனட்டில் ஒரு போடு போட்டாள். அது காதில் விழுந்தது.

"ஏய்! பெயின்ட்டு!" என்று எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"எஞ்சின மாத்துங்க. இன்னைக்கு நேத்தா சொல்றேன்?"

"ஒரிஜினல் எஞ்சின். அறுபத்தெட்டாம் வருசத்துது. அத மாத்துனா மிச்சம் வெறும் தகரம்."

"எங்கப்பா குடுத்த வண்டி. எனக்குத் தெரியாதா?"

"உங்கப்பா எனக்குக் குடுத்தாரு."

"எனக்குக் குடுத்தாரு. நீங்க ஓட்டுறீங்க."

கல்யாணமான நாளிலிருந்து இதற்கு அவரிடம் பதில் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதில் தெரியாத இடத்தில் குரலை உயர்த்திப் பழகியவர்.

"ஊருக்கே கேக்கட்டும்! நான் வாரேன்னு தெரியட்டும்!"

"மத்தியானம் இத எடுத்தா தெருவே முழிச்சுக்கிரும்."

"மத்தியானம் எவன் எடுக்குறான்? நான் தின்னுட்டுத் தூங்குறேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

கோபத்தில் உளறுகிறாள் என்று முடிவு செய்து, அவரும் கோபமாகவே காளவாசல் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

மெக்கானிக் காசிமாயன் போனட்டைத் திறந்தான். பார்த்தான். மூடினான்.

"முடிஞ்சு போச்சுண்ணே. திண்டுக்கல் ரோட்டுல நல்ல எஞ்சின் ஒண்ணு கிடக்கு. மாட்டிருவோம். ஓடுறதே தெரியாது."

"எஞ்சின் கேட்டனா ஒன்கிட்ட? சத்தத்தக் குறைடா."

"சத்தம் போடுறதே எஞ்சின்தாண்ணே."

"சைலன்சர மாத்து!"

மாற்றினான். ஓட்டிப் பார்க்க ஏறப்போனவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த இருக்கையில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. மகன் ஸ்டீபன் கார் ஓட்டக் கற்றதே சென்னையில், யாரோ ஒருவருடைய காரில்.

புது சைலன்சர் பின்பக்கத்துச் சத்தத்தை விழுங்கியது. அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த முன்பக்கத்துச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்று தட்டியது. ஒன்று கீச்சிட்டது. ஒன்று அழுதது. வீடிருக்கும் கோச்சடை வருவதற்குள் தெருநாய்கள் ஊர்வலமாகப் பின்னால் வந்தன.

எதிர்வீட்டு வெங்கட்ரமணன் கேட்டருகே காத்திருந்தார்.

"சார், முன்னாடி ஒரு சத்தம்தான். இப்போ கச்சேரின்னா நடக்கறது!"

"ஒம்ம வீட்டு மிக்ஸிய நான் கேட்டனா?"

"மிக்ஸி தெருவுல போகாது சார்."

மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பட்டு சிரித்தாள். வாசலில் நின்ற ஜோசபினும் சிரித்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எஞ்சின மாத்தாமயே அடக்கிக் காட்டுறேன், பாரு!"

பழைய மெத்தையைக் கிழித்தார். உள்ளே இருந்த தேங்காய் நாரைச் சாக்கில் திணித்து, போனட்டுக்குள் சுற்றிலும் அடைத்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. வெற்றி. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஜோசபினை அம்பாசடரிலேயே கூட்டிப் போனார். பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் வாகன மந்திரிப்பு. பைக், ஆட்டோ, கார் எல்லாம் வரிசையில் நின்றன. இன்னாசிமுத்து வேண்டுமென்றே எஞ்சினை ஓடவிட்டிருந்தார்.

"சத்தம் வருதா பாரு."

"புகை வருது" என்றாள் ஜோசபின்.

தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த ஃபாதர் ஆன்றோ அம்பாசடர் முன்னால் நின்றார். போனட் இடுக்கில் ஒரு தீநாக்கு எட்டிப் பார்த்தது. ஃபாதர் தெளிப்பதை விட்டுவிட்டு, கூட வந்த பையனின் கையிலிருந்த வாளியை வாங்கி மொத்தத் தீர்த்தத்தையும் ஊற்றினார்.

"ஃபாதர், ஒயரிங்!" என்று கத்தினார் இன்னாசிமுத்து.

ஃபாதரின் அங்கியெல்லாம் கரி படிந்திருந்தது. அவரும் கோபக்காரர்.

"சார், இதுக்கு மந்திரிப்பு பத்தாது. அடக்கப் பூசை வச்சுப் பொதச்சிருவோம்."

கூட்டம் சிரித்தது. இந்த முறை ஜோசபின் சிரிக்கவில்லை. கருகிய போனட்டைத் தடவினாள்.

"எங்கப்பா வண்டிய எரிச்சுட்டீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "எஞ்சின மாத்துங்க. இல்ல, நான் வாடிப்பட்டிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வர மாட்டேன்."

கத்தாத ஜோசபினிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

காசிமாயன் வீட்டுக்கே வந்து புது எஞ்சினை மாட்டினான். பழையதை இன்னாசிமுத்து ஒரு பிணத்தை வாங்குவதுபோல் வாங்கி, கொல்லையில் கிடத்தித் தார்ப்பாயால் மூடினார். பிறகு வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருப்பினார். கர்ரென்று ஒரு கதறல்.

"ஓடிக்கிட்டுத்தாண்ணே இருக்கு!" என்று பாய்ந்து வந்தான் காசிமாயன். "ஏண்ணே அத அறுக்குறீங்க?"

மறுநாள் ஜோசபின் கறிக்குழம்பு வைத்தாள். போதும் என்ற பிறகும் சோறு போட்டாள். கோபத்தைச் சோற்றின்மேல் காட்டுபவரல்ல அவர். எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் படுத்தார். அவளே மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. முகம் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

கார் இல்லை.

"ஜோசபின்!"

பதில் இல்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"திருட்டு! பட்டப்பகல்ல திருட்டு!"

வெங்கட்ரமணன் வெளியே வந்தார். "எப்போ சார்? ஒரு சத்தமும் கேக்கலையே!"

"எப்படிய்யா கேக்கும்? எம்புட்டுச் சொன்னேன்! பழைய எஞ்சினா இருந்தா சாவியத் திருப்புன மறு நிமிசம் முழிச்சு அவன் கழுத்தப் பிடிச்சிருப்பேன். எல்லாரும் சேந்து மாத்த வச்சீங்கள்ல? இப்ப சந்தோசமா? எங்க போனா அவ? முதல்ல அவளக் கேக்கணும்! போலீசக் கூப்பிடுய்யா!"

வெங்கட்ரமணன் கைபேசியை எடுத்தார். மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் பட்டுவின் தலை தெரிந்தது.

"போலீஸ் எதுக்கு சார்? ஜோசபின்தானே ஓட்டிண்டு போனா! லைசென்ஸ் வாங்கி ஆறு மாசமாறது. பழைய எஞ்சின்னா நீங்க முழிச்சுண்டுடுவேள்னு இத்தனை நாளாக் காத்துண்டிருந்தா, பாவம்."