மேட்டுத் தெருவின் சொந்த வாயு

எங்கள் நகராட்சியில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் திட்டம் சகல மரியாதைகளுடன் தொடங்கிவைக்கப்பட்டது. ஊர் கழிப்பதையெல்லாம் பெரிய தொட்டியில் காற்றுப் புகாமல் மூடிவைத்தால் புளித்து வாயு கிளம்பும். அதைக் குழாயில் அடுப்புக்கு அனுப்பலாம். நிலையத்தின் மதிலை ஒட்டி, கீழ்த் தெருவில் டீக்கடை வைத்திருந்த அக்காவுக்குத்தான் முதல் இணைப்பு என்று ஆணையர் மேடையிலேயே அறிவித்தார். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர்.

அதற்குள் மேட்டுத் தெருவில் சூழல் அக்கறை நாகரிகமாகிவிட்டது. கழிவு வாயுவில் காபி போடாத வீட்டை யாரும் வீடாகவே மதிப்பதில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆணையரிடம் வந்தார்.

"முதல் இணைப்பு எங்களுக்குக் கொடுங்க. ஆனா எங்க கழிவுலேர்ந்து வந்த வாயுவா இருக்கணும். கீழ்த் தெருவோடது கலக்கக் கூடாது."

"நியாயமான கோரிக்கை," என்றார் ஆணையர். அவரிடம் நியாயம் என்பது வருகிறவருடைய காரின் நீளத்தைப் பொறுத்தது.

மேட்டுத் தெருவுக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி போட்டார்கள். திறந்துவிட்டால் அடுப்பிலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

"சார், அங்க எல்லாரும் காலையில பழச்சாறு, மத்தியானம் தழை, ராத்திரி பட்டினி," என்று ஆணையரிடம் சொன்னார் நிலையத்தின் பொறியாளர். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"அது உங்க பிரச்சினை. வாயு வரணும்."

பொறியாளர் கீழ்த் தெருக் குழாயைச் சத்தமில்லாமல் மேட்டுத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார். நீலச் சுடர் குபுகுபுவென்று எழுந்தது. தலைவர் காபியை உறிஞ்சிவிட்டு, "நம்மது நம்மதுதான்," என்றார்.

டீக்கடை அக்கா புகையில் சிவந்த கண்ணோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"எனக்குச் சொன்ன இணைப்பு என்னாச்சு சார்?"

ஆணையர் கீழ்த் தெருத் தொட்டியின் அளவுமானியைக் காட்டினார். "உங்க தெருவுல உற்பத்தியே இல்லையேம்மா."

"நாங்க என்ன காத்தையா குடிச்சிட்டிருக்கோம்? வந்து பாருங்க."

"பார்க்கறதுக்கு விதியில இடமில்லை."

அதோடு விடவில்லை ஆணையர். உற்பத்தியே இல்லாத தெருவுக்குக் குழாய் எதற்கு என்று அதை அடைக்க உத்தரவிட்டார். உண்மை பொறியாளரின் தொண்டைவரை வந்தது. அவருடைய பதவி உயர்வும் அந்தச் சமயத்தில்தான் வந்துகொண்டிருந்தது. விழுங்கிக்கொண்டார்.

கீழே கழிவுநீர் வாசல்வரை ஏறியது. மேலே அடுப்பு அணைந்தது. பொறியாளர் தலைவரின் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டார். தலைவரின் முகம் செத்துப்போனது.

"குழாயை மறுபடி திறந்துடுங்களேன்."

"திறந்தா, அடைச்சது தப்புன்னு ஆயிடும் சார். ஆணையர் ஒத்துக்க மாட்டார்."

தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு டீக்கடைக்கு வந்தார்.

"உங்க தெருக்காரங்க எல்லாரும் தினம் காலையில எங்க வீடுகளுக்கு விருந்தாளியா வரணும்மா."

"எதுக்கு?"

"சும்மாத்தான். பாத்ரூம் எல்லாம் புதுசா கட்டியிருக்கோம்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். குழாய் அடைத்ததிலிருந்து தெருவுக்கே ஒதுங்க இடமில்லை, அவசரம் அக்காவுக்கும்தான். காட்டிக்கொள்ளாமல், "கடைக்கு இணைப்பு வரட்டும், யோசிக்கறோம்," என்றார்.

மேட்டுத் தொட்டியிலிருந்து கடைக்கு இணைப்பு அன்றே வந்தது.

விடிந்ததும் கீழ்த் தெரு மொத்தமும் மேடேறும். காவலாளிகள் சல்யூட் அடித்துக் கதவைத் திறப்பார்கள். வாயு பெருகியது. திட்டத்துக்கு விருது கிடைத்தது. வெளியூர் அதிகாரிகள் குழுவாக வந்து, "இவ்வளவு வாயு வர்ற அளவுக்கு நீங்க அப்படி என்னதான் சாப்பிடறீங்க?" என்று தலைவரிடம் பணிவோடு கேட்டார்கள்.

தலைவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"தழை. வேற எதுவும் தொடறதில்லை."

பேப்பரில் வந்துவிட்டது. ஊரில் நாங்கள் எல்லோரும் தழைக்கு மாறினோம், கீழ்த் தெருவும்தான். மேலே போய்வருகிறவர்களுக்கு மேலே இருப்பவர்கள் மாதிரி சாப்பிட ஆசை வராதா? தொட்டிகள் வற்றின. கடையில் சுடர் சுருங்கிச் சுருங்கி ஒருநாள் அணைந்தே போனது. அக்கா அதைக் கவனிக்கக்கூட இல்லை. வந்தவர்கள் எல்லோரும் தழைச்சாறுதான் கேட்டார்கள். அதற்கு அடுப்பு எதற்கு?