ஆடியில் வெட்டிய கிணறு

ஆடி மாதத்தைத் தோற்கடிப்பது என்று முடிவு செய்தேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம். வைகாசியில் எனக்குக் கல்யாணம். ஆனி பாதிக்குள் நானும் தாட்சாயிணியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தோம். பேசப் பழகுவதற்குள் மாமனார் சீர்த் தட்டோடு கொரட்டூருக்கு வந்து இறங்கிவிட்டார்.

புதுப் பெண்ணை ஆடியில் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை அந்தத் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்கக் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவருக்கு நிச்சயம் பெண்டாட்டி இருந்திருக்காது.

மாமனார் செங்கல்வராயன் திருமழிசையில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். ஒரு வரப்புத் தகராறுக்காகப் பூந்தமல்லி கோர்ட்டுக்கு நடந்து நடந்து செருப்பும் இளமையும் தேய்ந்தவர். அதற்குப் பிறகு பத்திரம் எழுதாமல் ஒரு கோழி கூட வாங்க மாட்டார்.

சாப்பிடும்போது சொன்னார். "கொல்லக் கிணறு வறண்டுபூட்ச்சு மாப்பிள. உங்க அத்த ஏரிக்கும் ஊட்டுக்கும் குடத்தத் தூக்கிகினு நடக்கறா. இடுப்பே ஒடஞ்சுடும் போல கீது."

என் தொழில் கிணறு வெட்டுவது. மூளையில் ஊற்று அப்போதே பீறிட்டது.

"நான் வந்து ஆழப்படுத்தித் தரேன், மாமா."

"ஆடியில மாப்பிள எங்க ஊட்ல வந்து குந்தினா ஊரு சிரிக்காதா?"

"மாப்பிளையா எங்க வரேன்? மேஸ்திரியா வரேன். வேணும்னா பத்திரம் எழுதிக்கலாம்."

பத்திரம் என்றதும் அவர் முகம் சோற்றில் நெய் விழுந்த மாதிரி பளபளத்தது. உடனே சுருங்கியது.

"ஆடியில புதுசா மண்ணு வெட்டத் தொடங்கக் கூடாதே?"

"நாளைக்கு ஆனி கடைசி. போற வழியில கையெழுத்து. பொழுது சாயறதுக்குள்ள முதல் மம்முட்டி."

உள்ளே தாட்சாயிணியின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. சந்தோஷத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லோரும் ஒரே வண்டியில் கிளம்பினோம். மாமனார், தாட்சாயிணி, நான், எனக்கு மேலே நின்று மண் இழுத்துப் போடும் துலுக்கானம். பூந்தமல்லியில் கோர்ட்டுக்குப் பக்கத்து நாவல் மரத்தடியில் பத்திரம் எழுதும் ஜானகிராமன் உட்கார்ந்திருந்தார். ராஜா தலை போட்ட முத்திரைத் தாளை விரித்தார். மாமனார் நிபந்தனைகளை அடுக்கினார். மேஸ்திரிக்கு மாட்டுக் கொட்டகையில் படுக்கை. சாப்பாடு கொல்லையில். வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகுதான் கூலி.

எதற்கும் தலையாட்டினேன். கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு கதவுதானே?

அப்போது வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நைனா!"

"இன்னாம்மா?"

"தண்ணி வர்ற வரைக்கும் மேஸ்திரி வேலய உட்டுட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு எழுதிக்கோ. கொரட்டூருக்குக் கூட."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. துலுக்கானம் என் காதைக் கடித்தான்.

"அண்ணாத்தே, அந்த வரி எனக்குப் புடிக்கல."

"உனக்கு இன்னாடா தெரியும்? என்னைப் பிரிஞ்சி அவளால இருக்க முடியல."

ஜானகிராமன் பேனாவை நிறுத்தினார். "தண்ணி எவ்வளவு?"

"மார்பளவு," என்றார் மாமனார்.

"யார் மார்பு? இப்ப சொல்லிடுங்க. பின்னால வழக்காயிடும்."

துலுக்கானம் குட்டை. நான் பனைமரம். மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியிலிருந்து பதில் வந்தது.

"மேஸ்திரி மார்புதான்."

என் மார்பைப் பற்றி அவள் பேசிவிட்டாள்! அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? நானாக எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். எழுதத் தெரிந்த எழுத்தையெல்லாம் செலவழித்து, ஊர்ப் பெயர், அப்பா பெயர், என் பெயர் மணவாளன் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஆடி பிறந்தது.

என் கணக்கு ரொம்பவும் எளிது. தண்ணீர் வந்தால் வேலை முடியும். வேலை முடிந்தால் போக வேண்டும். ஆகவே தண்ணீர் வரக் கூடாது. ஆடி முடியும்வரை மண்ணோடு பேச்சு வார்த்தை நடத்துவது என்று வைத்துக்கொண்டேன்.

துலுக்கானம் மேலிருந்து கத்துவான். "அண்ணாத்தே, மண்ண வெட்றியா, தடவிக் குடுக்கறியா? கூடை காலியாவே வருது!"

"ஊத்துக்கண் கெட்டுப்பூடும்டா. பதமா வெட்டணும்."

"நீ வெட்ற பதத்துக்குப் பொங்கல்தான் வரும். தண்ணி வராது."

மாமியார் என்னைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தாள். கொல்லையில் இலை போடுவதும் அவள்தான். தாட்சாயிணி கதவுக்குப் பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தத்தை வைத்துத்தான் அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிற்பகலில் மாமியார் கண்ணயர்ந்ததும் அவள் கிணற்றடிக்கு வருவாள். அதற்காகவே உள்ளே இறங்கி உட்கார்ந்திருப்பேன்.

கிணற்றுக்குள்ளிருந்து பார்த்தால் வானம் ஒரு தாம்பாளம் அளவுதான். அதன் ஓரத்தில் அவள் முகம் எட்டிப் பார்க்கும். பின்னால் வெயில் இருப்பதால் கண்ணும் மூக்கும் தெரியாது. காதோரம் பறக்கும் முடி மட்டும் தெரியும். அது போதும். இன்று எனக்கு வானம் முழுசாக இருக்கிறது. எந்த ஓரத்திலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

"தண்ணி வந்துச்சா?" என்பாள்.

"இன்னும் இல்ல. பாறை தட்டுது."

"நேத்து களிமண்ணுன்னு சொன்னீங்க?"

"அது நேத்து."

"ஒரு ராத்திரியில களிமண்ணு பாறையாயிடுமா?"

"திருமழிசை மண்ணு அப்படி. உங்க ஊரு மண்ணப் பத்தி உனக்கே தெரியல."

"எங்க ஊரு மண்ணப் பத்தித் தெரியாது. உங்களப் பத்திக் கொஞ்சம் தெரியுது."

பிறகு கயிற்றில் ஒரு கிண்ணம் இறங்கும். அம்மனுக்கு ஊற்றிய கூழ், மேலே ஒரு மாவடு. மாவடுவைக் கடைசிவரை கடிக்காமல் வாயிலேயே வைத்திருப்பேன். கடித்தால் பிற்பகல் முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

"அம்மா இன்னும் ஏரியிலேர்ந்துதான் சொமக்கிறா," என்றாள் ஒரு நாள்.

"வரும் வரும். ஊத்து எங்க போயிடும்?"

"அதான் நானும் கேக்கறேன்," என்றாள். முகம் மறைந்துவிட்டது.

இப்படியே ஆடி முழுவதும் ஜெயித்தேன். ஆவணி பிறந்த காலையில் கிணற்றுக்குள் இருந்தபடி சினிமாக் கதாநாயகன் போல மீசையைத் தடவிக்கொண்டேன். மேலே மாட்டு மணி கேட்டது. வண்டி பூட்டுகிற சத்தம். தாட்சாயிணி எட்டிப் பார்த்தாள். தலை நிறைய பூ.

"போய்ட்டு வரேங்க."

"எங்க?"

"இதென்ன கேள்வி? ஆடி முடிஞ்சிடுச்சு. புருஷன் ஊட்டுக்கு."

"புருஷன் இங்க கீறேனே!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? அத்த கொரட்டூர்ல ஆரத்தி கரைச்சி வெச்சிகினு கீறாங்க. ஆடிக்கப்புறமும் பொறந்த ஊட்ல இருந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

கயிற்றைப் பிடித்துத் தாவி மேலே வந்தேன். மாமனார் வண்டியில் மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்திருந்தார்.

"மாமா, நானும் வரேன். ரெண்டு நாள்ல திரும்பிடறேன்."

"பத்திரத்துல அப்படி எழுதலியே, மேஸ்திரி."

"ஆவணி பொறந்துடுச்சு மாமா! மாப்பிளன்னு கூப்பிடுங்க!"

"கூப்பிடறேன். மொதல்ல தண்ணி வரட்டும்."

மீறிப் போயிருக்கலாம். கூலிதானே போகும்? கூலியோடு போகிற விஷயம் இல்லை அது. கையெழுத்துப் போட்ட கிணற்றைப் பாதியில் விட்டவன் என்று ஒரு சொல் கிளம்பினால், ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எவனும் என்னை ஒரு பள்ளம் பறிக்கக்கூடக் கூப்பிட மாட்டான். வண்டி தெருமுனை திரும்பும்போது அவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சிரித்தாளா, கண் கலங்கினாளா, தூசியில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் வெட்டினேனே ஒரு வெட்டு! பாதாள லோகத்தில் இருப்பவர்கள் எழுந்து வந்து கதவைத் திறந்திருக்க வேண்டும். துலுக்கானம் அலறினான்.

"அண்ணாத்தே, மெதுவா! ஒரு கூடைய இழுக்கறதுக்குள்ள மூணு கூடை மண்ணு வருது!"

"இழுடா!"

"ஆடியில கீந்த பாறை எங்க அண்ணாத்தே?"

"கரைஞ்சிடுச்சு. இழுடா!"

கடைசியில் கடப்பாரை ஓரிடத்தில் சொருகிக்கொண்டது. பிடுங்கினேன். கால் விரல்களுக்கு நடுவே ஜில்லென்று ஏறியது. மறுநாள் விடிந்து மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே நின்றேன். தண்ணீர் மார்புக்குச் சற்றுக் கீழே இருந்தது. முழங்காலை லேசாக மடக்கினேன்.

"நிமிந்து நில்லு, மேஸ்திரி."

வளர்ந்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். தண்ணீர் ஏறும்வரை, மார்பைத் தொடும்வரை, நிமிர்ந்தே நின்றேன். விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. பிறகு அவர் குனிந்து கையை நீட்டினார். "மேல வா, மாப்பிள."

கூலியை வாங்கக்கூட மறந்து நடந்தேன். கொரட்டூர் ஏரிக்கரை ஏறும்போது வேட்டி காய்ந்து சேறு உதிர்ந்தது. கதவைத் தட்டினேன். தாட்சாயிணி திறந்தாள். ஆடி முழுவதும் நிழலாகப் பார்த்த முகம், கண்ணும் மூக்குமாக, கைக்கெட்டும் தூரத்தில்.

"வெந்நீர் காஞ்சி கீது. போய்க் குளிங்க."

"நான் இன்னிக்கு வருவேன்னு உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்?"

"அது போகட்டும். மேஸ்திரி எங்கயும் போகக் கூடாதுன்னு எழுதச் சொன்னியே, என்னைப் பிரிய முடியாமத்தானே?"

துண்டை என் தோளில் போட்டாள். சேற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான் அங்க கீற வரைக்கும் அந்தக் கிணத்துல தண்ணி வராதுன்னு தெரியும். நான் கெளம்பிட்டா உடனே வந்துடும்னும் தெரியும். அதான் வண்டி ஏறும்போதே அம்மாவ குடத்தக் கழுவி வெக்கச் சொல்லிட்டு வந்தேன்."