களி கிண்டிய உருளி

சிவகிரி மச்சான் சுடலைமணி அவர்களுக்கு, தென்காசியிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் கடற்கரை எழுதுவது.

உங்க அம்மா சீராகக் கொடுத்த வெங்கல உருளியை நான் அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். மற்றபடி இங்கு எல்லாம் சௌகரியம். அங்கும் அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க இலஞ்சி முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

இது போனில் சொல்ல வேண்டிய விஷயந்தான். ஆனா நீங்க ஸ்பீக்கரில் போட்டுப் பேசுத ஆளு, பக்கத்துலயே உங்க தங்கச்சி மூக்கம்மா இருப்பா. அதனால எலுமிச்சை வண்டி ஓட்டுற சேக் மைதீன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். தனியாப் போய்ப் படிங்க.

அவ கோயில் கொடைக்கு அங்கன வந்த மறுநாளே எனக்கு உளுந்தங்களி ஆசை வந்துட்டு. உளுந்து மாவு, கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய் எல்லாம் கணக்காத்தான் போட்டேன். பாதிக் கிண்டல்ல, நம்ம பொடிய வாங்கி விக்கிற கடையநல்லூர் ஆதம் பாய் போன். "அண்ணாச்சி, உங்க பாத்திரப் பொடியில அடிப்பிடிச்ச கரி போகலைன்னு பொம்பளையாளுக கடை வாசல்ல நிக்காங்க." எனக்குக் கோவம் வராதா? "கை வச்சுத் தேய்க்கச் சொல்லும் பாய், பொடிய மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா போகுமா"ன்னு நான் சத்தம் போட்டு முடிக்கையில, அடுப்புல களி தார் ரோடு மாதிரி கெடக்கு.

சரி, நம்ம பொடி இருக்கேன்னு உட்கார்ந்து தேய்ச்சேன் மச்சான். காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் தேய்ச்சேன். கரி போகல, கரி பளபளன்னு ஆச்சு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, அந்தப் பொடியில முக்கால்வாசி கல்லு மாவு, மிச்சம் எலுமிச்சை வாசனை. ஊருக்குள்ள வேற பொடி வாங்குனா என் மானம் போயிரும்னு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, உருளியையும் தூக்கிக்கிட்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறுனேன். கடைவீதியில மெஹர் பானுன்னு ஒரு அம்மா கடை. "கரிக்கு நல்ல பொடியாக் குடும்மா, தென்காசிப் பொடி வேண்டாம்"னேன். அவ துண்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "ஏன் அண்ணாச்சி, கண்ணாடி மாதிரி ஆயிரும்னு நீங்கதானே சொல்லிப் போட்டுட்டுப் போனீக?"ன்னு என் பாக்கெட்டையே என் கையில குடுத்தா. என்ன செய்ய? வெலையில நாலு ரூவா கூட வச்சிருந்தா, அதையும் குடுத்து வாங்குனேன்.

வந்ததுக்கு ஐந்தருவி ஓடையிலயாவது தேய்ப்போம்னு குனிஞ்சா, போலீஸ்காரர் வந்துட்டார். "பெரியவரே, இங்கன சோப்பு போடக்கூடாது." "சோப்பு இல்ல சார், பொடி." நான் தேய்க்கிறதைக் கொஞ்ச நேரம் நின்னு பாத்தார். "நுரையும் வரல, கரியும் போகல. தண்ணிக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆனாலும் வீட்டுல போய்த் தேய்ங்க"ன்னார்.

ஆகையால், வெள்ளிக்கிழமை கிளம்புதேன்னு சொன்னவளை ஞாயிறு வரைக்கும் எப்படியாவது அங்கன நிறுத்தி வைங்க. அத்தைக்கு முழங்கால் வலின்னு சொல்லுங்க. இந்த உருளிய இப்படிப் பாத்தா அவ எங்கிட்டப் பேசமாட்டா, அத்தைகிட்டப் பேசிருவா. எனக்கு ரெண்டாவதுதான் பயம். பெரியவங்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
கடற்கரை

பின்குறிப்பு: யாரையும் நிறுத்த வேண்டாம். சேக் மைதீன் வண்டிய எடுக்கும்போதே மூக்கம்மா ஆட்டோவுல வந்து எறங்கிட்டா. கடிதத்தை வாங்கி, பொடி மூட்டை மேல உட்கார்ந்து, கடைப் பையன்க முன்னாலயே சத்தமாப் படிச்சா. "இதுல நானும் ரெண்டு மட்டம் அடிப்பிடிக்க விட்டிருக்கேன், உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுட்டு, அடுப்படிக்குப் போய் புளிப்பானைக்குப் பின்னால இருந்து, நமக்குப் போட்டியான செங்கோட்டைக்காரன் பொடிய எடுத்தா. கல்யாணம் ஆன நாளா வீட்டுல அதுதான் ஓடுதாம்! கரி போயிட்டு. பேசி முடிச்சது இது: உருளி விஷயம் அத்தை காதுக்குப் போகாது. பாக்கெட்டுல 'அடிப்பிடித்த கரியும் போகும்'ங்கிற வரிய நான் எடுத்திரணும். வாரத்துல மூணு நாள் பாத்திரம் நான் தேய்க்கணும்னு கேட்டா, கொறச்சு ஞாயித்துக்கிழமை மட்டும்னு முடிச்சிருக்கேன்.